படகு வீட்டுக்கு ஒரு நாய்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இது அன்னபுஷ்பத்தின் கதை.

எழுபத்தாறாம் வருஷம் நான் ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் காலை, எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே, கையில் மாடு கன்று எதுவும் இல்லாமல் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் காலி மீன்கூடை.

"சார், படகுல வளக்கறதுக்கு எந்த நாயி தோதுப்படும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'பிள்ளைப்பாக்கம் ஏரியின் நீலப் பரப்பில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—'

கிழித்துப் போட்டேன். அந்த ஏரி ஒருநாளும் நீலமாக இருந்ததில்லை. மழை நாளில் டீ நிறம், மற்ற நாளில் பாசி நிறம். நடந்ததை நடந்தபடி சொல்வதே நல்லது.

அன்னபுஷ்பத்தின் புருஷன் யாகப்பன் கோவளத்துக் கடல்காரன். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த பரசுராமன், மீன் பிடித்துக் கொடுக்க அவனை அழைத்துவந்திருந்தார். லாரியில் இரண்டு படகு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, கீற்றுக் கூரை போட்டான். அதுதான் வீடு. அடுப்பும் பாயும் மாதா படமும் நாலு வயது மகள் ஜெசிந்தாவும் அதற்குள்ளே.

வந்த இரண்டாவது வாரம் ஜெசிந்தா தண்ணீரில் விழுந்தாள்.

சத்தமே வரவில்லை. அன்னபுஷ்பத்தால் தாங்க முடியாமல் போனது அதுதான். பிள்ளை விழுந்தால் தொபீரென்று கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சோற்றுப் பானையை இறக்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். விளிம்புக்குக் கீழே தலைமுடி மட்டும் விரிந்து மிதந்தது. முடியைப் பிடித்தே இழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்தில் முடிந்துவைத்தாள். இடுப்பு புண்ணாகிவிட்டது. மருந்து போடும்போதெல்லாம் ஜெசிந்தா கேட்பாள்: "நான் இன்னா ஆடாம்மா?"

"பொண்ணப் பாத்துக்க ஒரு நாயி வேணும்யா," என்றாள் புருஷனிடம்.

"வலையப் பாத்துக்கவும்தான் வேணும். நல்லா ஒசரமா ஒண்ணு கொணாந்துடலாம்மே."

3

சிரித்து முடித்தபின் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதியாக வேண்டும். "தண்ணிக்குப் பயப்படாத நாயா பாரும்மா. நல்லா நீந்தணும். சுறுசுறுப்பா இருக்கணும். எதைக் கண்டாலும் கொலைக்கணும்."

(டாக்டர் லீவில் இருந்தார். வேலைக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

நான் சொன்னதை யாகப்பன் அப்படியே நிறைவேற்றினான். வடக்குப்பட்டு மாந்தோப்புக் காவல்காரரிடமிருந்து உயரமான வெள்ளை நாய் வந்தது. தண்ணீர் என்றால் அதற்கு அப்படி ஓர் ஆசை. கொக்கு இறங்கினால் போதும், ஒரே பாய்ச்சல். திரும்பி ஏறி உடம்பை உதறினால் அடுப்பு அணையும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அது குதித்ததைப் பார்த்து, கயிறு அவிழ்த்துவிட்டிருந்த ஜெசிந்தாவும் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். விளிம்பில் ஒரு கால் வெளியே போனபோது அன்னபுஷ்பம் எட்டிப் பிடித்தாள்.

வெள்ளை நாய் தோப்புக்கே திரும்பியது.

அடுத்து வந்தது குலைக்கிற நாய். மீன் துள்ளினால் குலைத்தது. இலை மிதந்தால் குலைத்தது. இரண்டே நாளில் அதன் குரலுக்கு யாரும் தலையைத் திருப்பாத நிலை வந்துவிட்டது. அதையும் கொண்டுபோய் விட்டார்கள்.

மூன்றாவதை யாரும் தேடவில்லை. பென்னலூர்ச் சந்தையிலிருந்து மீன்கூடையின் பின்னாலேயே வந்த செவலை நிறப் பெட்டை அது. கரை வரைக்கும் வரும். தண்ணீருக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடும். கருவாடு காட்டினாலும் தலையை மட்டும் நீட்டும், ஓரடி வராது. கால்கள் நடுங்கும்.

ஒரு நாள் மாலை, கரையில் விளையாடிக்கொண்டிருந்த ஜெசிந்தா தண்ணீரை நோக்கி நடந்தாள். பத்தடி தள்ளி நின்ற நாய் ஒரு மாதிரி அழுதது. பிறகு ஓடிவந்து, பாவாடையைக் கவ்விப் பின்னால் இழுத்தது. அப்போதும் அதன் கால்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

"இதான்யா," என்றாள் அன்னபுஷ்பம்.

"ஏரியில வளக்கறதுக்குத் தண்ணிக்குப் பயப்படற நாயா? புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?"

"எனுக்கு நீந்தற நாயி வேணாம். என்னிய மாதிரியே பயப்படற நாயிதான் வேணும்."

கூடையில் உட்காரவைத்து, துணியால் மூடி, படகில் ஏற்றினாள்.

4

ஒரு சந்தேகம். யாகப்பனை முரடனாக எழுதிவிட்டேனோ? எழுதியதை அடிக்காமல், விட்டுப்போனதைச் சேர்க்கிறேன். செவலை பலகையில் கால் வழுக்கித் தவிப்பதைப் பார்த்து, மறுநாளே படகின் நட்ட நடுவில் ஒரு கோணிப்பையை ஆணி அடித்துப் பொருத்தினவன் அவன்தான். அங்கேதான் அது படுத்தது. ஜெசிந்தாவும் அங்கேதான் உட்கார்ந்தாள். விளிம்புப் பக்கம் அவள் நகர்ந்தால் செவலை எழுந்து பாவாடையைக் கவ்வும். கயிறு அவிழ்ந்தது. புண் ஆறியது.

5

கார்த்திகை மழை. பகல் பதினொரு மணி இருக்கும். யாகப்பன் பரிசலில் கரைக்குப் போயிருந்தான். காற்று திரும்பியது. நங்கூரக் கயிறு அறுந்தது. படகு வீடு கலங்கல் பக்கம் நகர ஆரம்பித்தது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து விழும் கல்வரிசை அது. அன்றைக்குத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு விழுந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தை நான் முதலில் எழுதியது: 'செவலை தன் பயத்தையெல்லாம் உதறித் தண்ணீரில் பாய்ந்தது. அறுந்த கயிற்றை வாயில் கவ்வி—'

இல்லை. பாயவில்லை. உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

செவலை பாவாடையைக் கவ்விக்கொண்டு கோணியில் தட்டையாகப் படுத்துவிட்டது. அவ்வளவுதான் செய்தது. படகு சாய்ந்தபோது விடவில்லை. கூரை பிய்ந்து மேலே விழுந்தபோதும் விடவில்லை. பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். அந்தக் குரல் அதே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. அன்னபுஷ்பம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நீளக் கழியைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளினாள். கலங்கலுக்கு நாற்பது அடி இருக்கும்போது, தண்ணீரில் பாதி முழுகி நின்ற கருவேல மரத்தின் கிளை கைக்கு எட்டியது. முள்ளோடு பிடித்துக் கட்டினாள். யாகப்பன் பரிசலில் வந்து சேர்ந்தபோது அவள் உள்ளங்கை முழுக்க ரத்தம்.

"எல்லாரும் நாயி காப்பாத்துச்சான்னு கேக்கறாங்கோ சார்," என்று பின்னால் சொன்னாள். "படகத் தள்ளினது நான்தான். ஆனா எனுக்கு ரெண்டு கையும் காலியா இருந்திச்சே, அத்தக் குடுத்தது அதுதான்."

நான் இந்தக் கதையை எழுதுவது இந்த ஒரு வாக்கியத்துக்காக.

6

சித்திரையில் ஏரி வற்றியது. ஊர் திரும்பும் நாளில் அன்னபுஷ்பம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செவலைக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். எனக்கு வாழையிலையில் சுற்றிய விரால்மீன் ஒன்று.

"நீங்க சொன்ன நாயெல்லாம் பாத்ததுலதான் சார் எனுக்கு இன்னா வேணும்னே தெரிஞ்சிது. ரொம்ப நன்றி."

கேலி இல்லை, மனசாரச் சொன்னாள். தப்பான யோசனை சொன்னதற்காக அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. ஊசிச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நாயின் பெயர், செவலை. வளர்ப்பவர், அன்னபுஷ்பம்.

"ஊரு எதுன்னு போடட்டும்? கோவளமா, பென்னலூரா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோவளத்தில் வீட்டு வாசலுக்கே அலை வரும். பென்னலூரில் மீன் விற்கும் முனியம்மாள், 'எங்கூட்டாண்ட உட்டுட்டுப் போ, சோறு போடறேன்' என்று சொல்லியிருந்தாள். வெளியே வேப்பமர நிழலில் ஜெசிந்தாவும் செவலையும் உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் அவர்களை ஏற்றிப்போக வந்த லாரி ஹாரன் அடித்தது.

"இரு சார், நாயிகிட்டயே கேட்டுக்கினு வரேன்," என்று வெளியே போனாள்.

அந்த நேரம் பார்த்து வயிறு உப்பிய எருமை ஒன்றை நாலு பேர் இழுத்து வந்தார்கள். நான் உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது மேஜை மேல் சீட்டு இல்லை. என் பேனாவும் இல்லை. நிழலில் யாரும் இல்லை.

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் வந்தன. அதனால்தான் இரண்டையும் நம்பவில்லை. பேனா இப்போது உங்கள் கையில். அந்த வரியை நான் விட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஊர்: ……………