காலையில் மட்டும் எரியும் விளக்கு

சர்வீஸுக்குப் போய்வந்த மறுநாள் காலையில்தான் அந்த மஞ்சள் விளக்கு முதன்முதலாக எரிந்தது. குதிரை லாடம் போல ஒரு வளைவு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. மகாராஜநகர் வீட்டிலிருந்து வண்டியை எடுத்த சண்முகசுந்தரி இன்னும் தெருமுனை திரும்பியிருக்கவில்லை, அதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அது வந்து நின்றுகொண்டது. ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அதற்குப் பொருள். ஓரமாக நிறுத்தி இறங்கி, நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து பார்த்தாள். காலால் உதைத்தும் பார்த்தாள். ஒன்றும் சப்பிக் கிடக்கவில்லை. ஆணி, கண்ணாடி எதுவும் குத்தியிருக்கவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். முனைஞ்சிப்பட்டி தாண்டி, சாலையின் இருபுறமும் பனைமரங்கள் வரத் தொடங்கிய இடத்தில் விளக்கு தானாக அணைந்துவிட்டது. சாயங்காலம் திரும்பி வரும்போது அது எரியவே இல்லை. அடுத்த நாள் காலை மறுபடியும் எரிந்தது. மறுபடியும் அதே பனங்காட்டுப் பக்கம் போனதும் அணைந்தது.

அவளுக்குப் பிடிபடாதது இதுதான். டயரில் காற்று இறங்குகிறதென்றால், ஓட ஓட இன்னும் இறங்கத்தானே வேண்டும்? ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால், போகிற வழியில் தண்ணீர் கூடுமா?

அந்த ஜூனில்தான் அவள் சாத்தான்குளத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போயிருந்தாள். அதுவரை பாளையங்கோட்டையிலேயே, நடந்து போகிற தூரத்துப் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பத்தைந்து வயதுக்கு மேல். கற்றுக்கொண்ட பிறகும், கணவர் பாலசுப்பிரமணியன் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத ஒரு பிரேக்கைக் காலால் மிதித்தபடி வர, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டியதோடு சரி. இந்தப் பதவி உயர்வு வந்த பிறகுதான் தனியாக ஓட்டினாள். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத, யாருக்கும் எதையும் எடுத்து வைக்க வேண்டியிராத நேரம். அப்படி ஒன்று தன் நாளில் கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

பாலசுப்பிரமணியன் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். விளக்கைப் பற்றிச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"சும்மா எரியுமாட்டி வெளக்கு? எங்க ஆபீஸ் டைட்டஸ் வண்டி திருச்செந்தூர் ரோட்டுல டயர் வெடிச்சு உருண்டுச்சே, நீயும் நானுந்தான ஆஸ்பத்திரில போய்ப் பாத்தோம்?"

"அவரு டயரு தேஞ்சு வழுக்கையாக் கெடந்துது. நம்மது புதுசு."

"புதுசோ பழசோ. காரணம் தெரியாம ஓட்டக் கூடாது. சிவகணேஷ்ட்ட பேசிட்டேன். திங்கக்கெழமையிலேருந்து அவன் ஓட்டட்டும். நீ பின்னால சாஞ்சு உக்காந்து போ, மகாராணி மாதிரி."

"காரணம் தெரிஞ்சிட்டுன்னா?"

"தெரிஞ்சிட்டுன்னா நீயே ஓட்டு. ஒன்னயக் கட்டியா போடுதேன்?"

சிவகணேஷ் நல்ல ஓட்டுநர்தான். அக்கம்பக்கத்தில் அவசரம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவன் வாய் ஓயாது. போன முறை குற்றாலம் போய்வந்தபோது தன் மச்சானின் கல்யாணக் கதையைக் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் தொடங்கி வீட்டு வாசலில்தான் முடித்தான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து அதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டு போவதைச் சண்முகசுந்தரி நினைத்துப் பார்த்தாள். காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

பள்ளி விட்டு வரும் வழியில் சர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். அன்று வானம் மூடிச் சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து நான்கு டயரிலும் கேஜை வைத்துப் பார்த்தார். "நாலும் முப்பத்து மூணுதான் மேடம். டெலிவரி குடுக்கும்போது நாங்க வச்சு விட்டது அப்படியே நிக்கி. சென்சர்ல கோளாறு இருக்கும். பார்ட்ஸ் வரணும், வண்டியை விட்டுட்டுப் போங்க, வந்ததும் போன் பண்ணுதோம்." வண்டியை விட்டுவிட்டால் திங்கள்கிழமை வரை காத்திருக்கவே வேண்டாம், நாளைக்கே சிவகணேஷின் வண்டிதான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையும் விளக்கு வந்தது. இந்த முறை பாலசுப்பிரமணியன் தன் வைத்தியத்தைச் சொன்னார். திருநெல்வேலிக்காரர்களுக்கு எதற்கும் ஒரு கடை உண்டு. அல்வாவுக்கு ஒரு கடை, முறுக்குக்கு ஒரு கடை, வேட்டிக்கு ஒரு கடை. பக்கத்து வாசலில் அதே சரக்கு கிடைத்தாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் போவார்கள். பாலசுப்பிரமணியனுக்குக் காற்றுக்கும் ஒரு கடை இருந்தது: மேலப்பாளையத்தில் அலி அக்பருடையது. ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்திலிருந்தே வேறெங்கும் காற்றுப் பிடித்ததில்லை. போகிற வழியில் மூன்று பெட்ரோல் பங்குகளில் இலவசமாகக் காற்று அடித்தார்கள். "அதெல்லாம் காத்தா?" என்பார்.

அன்று வெயில் தீயாக அடித்தது. சாத்தான்குளத்திலிருந்து நேராக வந்து, கொக்கிரகுளத்தில் அலுவலக வாசலில் கணவரை ஏற்றிக்கொண்டு, சாயங்கால நெரிசலில் ஊர்ந்து மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தாள். அலி அக்பர் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து கேஜை வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, கொறையுதுன்னீய? முப்பத்தாறு நிக்கி. கூடல்லா இருக்கு!"

"அப்பம் கூடுனதுக்குத்தான் வெளக்கு எரியுதோ என்னமோ. கொறச்சி விடும் வே."

உஸ்ஸென்று காற்று வெளியேறியது. சண்முகசுந்தரி வண்டிக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை நான்கு முறை கேட்டாள். நான்கிலும் முப்பத்து மூன்று வைத்து, மூடியைத் திருகி, டயரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார் அலி அக்பர். "இனி எரிஞ்சா எங்கிட்ட கொண்டாங்க அக்கா."

எரிந்தது. வெள்ளிக்கிழமை காலை வண்டி வாசல் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே எரிந்தது. முனைஞ்சிப்பட்டி தாண்டியும் அணையவில்லை. சாத்தான்குளம் எல்லையில்தான் அணைந்தது. பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் வந்தது. சரிபார்க்கச் சரிபார்க்க மோசமாகிறதே, இது என்ன நியாயம்?

மதியம் அவளுடைய அறையில் சாப்பாட்டு டப்பா திறக்கவில்லை. காலையில் தக்காளிச் சாதத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடியிருந்தாள். இப்போது மூடி நடுவில் லேசாகக் குழிந்து, டப்பாவை உடும்பாகப் பிடித்திருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பிக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் லில்லி கையெழுத்து வாங்க உள்ளே வந்தாள். மணப்பாட்டுக்காரி, சண்முகசுந்தரியின் வயதுதான்.

"என்ன டீச்சர், டப்பாகூட மல்லுக்கட்டுதீய? பிள்ளைய எல்லாம் பாத்தா ஒங்க மேல உள்ள பயம் போயிரும்."

"தொறக்க மாட்டேங்கு லில்லி."

"சூட்டோட மூடுனீயளா? ஆறுனா உள்ள இழுத்துப் புடிச்சுக்கிடும். எங்க வீட்டுக்காரருக்குத் தெனமும் இதே கததான், ஹார்பர்லேருந்து போன் போட்டு ஏசுவாரு. இங்க குடுங்க."

வாங்கிக்கொண்டு போய், வெயிலில் காய்ந்து கிடந்த வராந்தாச் சுவர்மேல் டப்பாவை வைத்தாள். கையெழுத்துப் போட்டு முடித்து, பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயப்படுகிறவர்களைப் பற்றிப் பேசி முடித்த சமயத்தில், சுவர்மேல் 'டப்' என்று ஒரு சத்தம். குழிந்திருந்த மூடி நிமிர்ந்திருந்தது. லில்லி இரண்டு விரலால் திறந்து கொடுத்தாள். "நோகாம வந்துட்டு, பாத்தீயளா?"

சண்முகசுந்தரி டப்பாவை வாங்காமல் வேப்பமரத்தடியில் நின்ற தன் வண்டியைப் பார்த்தாள்.

"லில்லி, டப்பாக்குள்ள இருக்குத காத்து கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அப்படித்தான?"

"மூடித்தான கெடக்கு, எங்கன போவும்? சூடானா முட்டும், ஆறுனா அமுங்கும். ஏன், ஹிஸ்டரில இதெல்லாம் கெடையாதா?"

அதற்குமேல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர்வீஸ் அன்று காத்திருந்த அறையின் கண்ணாடி வழியாக அவளே பார்த்திருந்தாள்: வண்டியைப் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள், கழுவினார்கள், உச்சி வெயிலில் வரிசையில் நிறுத்தினார்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் கடைசி வேலையாகக் காற்றை வைத்தார்கள். தார்ச்சாலையில் உருண்ட டயர் சூடாகும். வெயிலில் நிற்கிற கறுப்பு ரப்பர் இன்னும் சூடாகும். உள்ளே இருக்கிற காற்று விரியப் பார்க்கும். விரிய இடமில்லாததால் சுவரை முட்டும். கேஜ் அளப்பது காற்றின் அளவை அல்ல, அந்த முட்டலைத்தான். கொஞ்சக் காற்றே சூட்டில் முப்பத்து மூன்று என்று காட்டிவிடும். ராத்திரி டயர் ஆறும், காற்று அமுங்கும், விடியும்போது முள் கீழே நிற்கும், விளக்கு எரியும். ஓடிச் சூடேறினால் மறுபடி முட்டும், விளக்கு அணையும். அவளோ ஒவ்வொரு முறையும் மாலையில், நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போய்த்தான் அளக்கச் சொல்லியிருக்கிறாள். அலி அக்பர் வெளியேற்றியது கூடுதல் காற்றை அல்ல, ஏற்கெனவே குறைவாக இருந்த காற்றில் இன்னும் கொஞ்சத்தை. அளந்தவர்கள் யாரும் தப்பாக அளக்கவில்லை. டயர் ஆறியிருக்கும்போது ஒருவரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

"சாப்பிடுங்க டீச்சர், ஆறுதுல்லா" என்றாள் லில்லி.

சாயங்காலம் வண்ணார்பேட்டையில் நிறுத்தி, கேஜ் வைத்த கால்பம்பு ஒன்று வாங்கினாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தாள். பல்குச்சியும் வாயுமாக வந்த பாலசுப்பிரமணியன் படியிலேயே நின்றார்.

"என்னட்டி செய்யுத?"

"இங்கன வந்து பாருங்க. எவ்வளவு காட்டுது?"

குனிந்து பார்த்தார். "இருவத்தாறு. இது என்ன கேஜு? அலி அக்பர் முப்பத்து மூணுல்லா வச்சான்?"

"அது ஓடி வந்த டயருக்கு. இது ராத்திரி பூரா ஆறுன டயரு. கம்பெனிக்காரன் சொல்லுத முப்பத்து மூணு இதுக்குத்தான்." டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார். பானையைப் போலக் குளிர்ந்திருந்தது. டப்பா, மூடி, வெயில், பைபாஸ் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள், பின்வரிசைப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி.  அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தள்ளு, நான் மிதிக்கேன். நீ முள்ளப் பாரு."

மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது மூச்சு வாங்கியது. "இதுக்குத்தான் அவன் மிஷின் வச்சிருக்கான்" என்றார். பிறகு, "அலி அக்பருக்கு என்ன பதில் சொல்ல?"

"அவரு மேல என்ன தப்பு? அங்க போற வழியிலேயே டயரு சூடாயிருதுல்லா."

"அப்பம் சிவகணேஷ்ட்ட?"

அவள் எழுந்தாள். கதவைத் திறந்து சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, ஒன்றைத் தவிர மற்றவை ஒவ்வொன்றாக அணைந்தன. பாலசுப்பிரமணியன் ஜன்னல் வழியே தலையை நீட்டி மஞ்சள் விளக்கைத் தேடினார். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று அவள் இறங்கி, கடைசிச் சக்கரத்தில் பம்பின் குழாயை மாட்டினாள். இனி ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. வண்டி நகர்வதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன், நின்ற இடத்திலேயே அளந்து, குறைந்ததை நிரப்ப வேண்டும். அவர் மிதித்தார். முள் இருபத்தெட்டுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது, கொஞ்சம் தயங்கி, குளிர்ந்த டயரில் முப்பத்து மூன்றில் நின்றது. அவள் ஏறி வண்டியை எடுத்தபோது மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது.