பின்பக்கம் போன ஆல்டர்னேட்டர்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்ஜினைச் சுற்றி ஒரு பொருளும் கண்ணில் படாத கார், மானுட வரலாற்றில் முதன்முறையாக, என் அத்தானின் பட்டறையில் அவதரித்தது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். விசிட்டிங் கார்டில் ‘வாகனச் சிற்பி’. சிற்பி செதுக்கும் கார்களுக்கு நான் வயரிங் செய்பவன்.

“எல்லாம் சரி, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர எங்க மாட்டுவீங்க?”

“பின்னால. கியர்பாக்ஸ்லேருந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்ல ஒரு புல்லி, ஒரு பெல்ட். மேல எதுவும் தெரியாது.”

“வண்டி ஓடினாத்தானே அது சுத்தும்? நின்னா?”

“கார் எதுக்கு மாப்ள, நிக்கவா?”

இன்ஜினுக்கு அடியில் பிராக்கெட் போட்டு நீளமான பெல்ட் கொடுக்கலாம் என்றேன். அடியில் ஒளித்துவைத்திருந்த ஏசி கம்ப்ரசருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைக்கலாம் என்றேன்.

“லாரிக்காரன் புத்தி,” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கார் சொந்தக்காரரிடம் இன்னும் ஆறு பழைய கார்கள் இருந்தன. கார் கண்காட்சிப் போட்டியில் இது தேறினால் ஆறின் வயரிங்கும் எனக்கே என்று சொல்லியிருந்தார். அக்கா வீட்டு மாடியறையைக் காலி செய்து, சொந்தமாகக் கடை போட அது போதும்.

கண்காட்சியில் கார்கள் ஓடுவதில்லை. நிற்கின்றன. ஒன்பது விளக்கு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினையும் உறுமவிட்டு, மார்பை நிமிர்த்தி நின்றார் அத்தான். நாற்பதாவது நிமிடம் பாட்டு இழுத்தது. விளக்குகள் மங்கின. நடுவர்கள் குனிந்து பார்க்கும்போதே இன்ஜின் அணைந்தது.

“வயரிங் பண்ணது யாரு?” என்று கூடமே கேட்கும்படி கேட்டார் அத்தான், தெரியாதவர் போல.

கயிறு கட்டி, நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பிவைத்து, பட்டறை வரைக்கும் இழுத்து வந்தோம். வந்ததும், சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அத்தான் ஸ்டார்ட் செய்தார். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா சார், என் டிசைன் பக்கா. எங்கயோ வயர் லூஸு. குலுங்கினதும் சேந்துக்கிச்சு.”

“இழுத்துட்டு வந்தப்ப சக்கரம் சுத்துச்சு சார். அதோட ஷாஃப்டும் சுத்தி சார்ஜ் ஏறியிருக்கு,” என்றேன். பாலில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார் சொந்தக்காரர்.

“நாலு பேர் முன்னாடி அவர மட்டம் தட்டாதடா,” என்றாள் அக்கா, ராத்திரி வீட்டில். மட்டம் தட்டப்பட்டவன் யார் என்று அவளிடம் யார் கேட்பது?

ஆறு கார்களின் வயரிங்கும் வேறொருவருக்குப் போனது.