படத்தில் வராத சக் கீ

1.

இந்தக் கதையைக் கோபத்தில்தான் தொடங்கினேன். ஒளிப்பானேன்? ஒரு லேத் பட்டறை முதலாளியை எழுத்தில் கிழித்துத் தொங்கப்போட வேண்டும் என்பதுதான் என் திட்டம். என் தங்கை இயந்திரவியல் படித்தவள், கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். வேலை கேட்டுப் போன இடத்தில் அவள் நீட்டிய சான்றிதழை அந்த ஆள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அத உள்ள வைமா. லேத்த ஓட்டிக் காட்டு" என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விரல்களால் அவன் அவளுடைய எதிர்காலத்தை..." [வேண்டாம். விரலில் எண்ணெய் இருந்தால் வில்லனா?]

இரண்டாவது தொடக்கம்: "கண்ணீரோடு பட்டறையை விட்டு வெளியேறிய அவள்..."

இங்கே தங்கை குறுக்கிட்டாள். நான் எழுதும்போது தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பது அவள் வழக்கம்.

"அக்கா, நான் எங்க அழுதேன்?"

"கதைடி. கொஞ்சம் அழுதாத்தான் எடுபடும்."

"நீ வேணா அழு. நடந்தத எழுது."

2.

நடந்தது இதுதான். லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம். அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குச் சக் என்று பெயர். அதை முறுக்கி இறுக்குகிற கைப்பிடி சக் கீ. இறுக்கியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். என் தங்கை கழற்றவில்லை, சுவிட்சைப் போட்டுவிட்டாள். சக் கீ விர்ரென்று முதலாளியின் காதோரமாகப் பறந்து, தகரச் சுவரைப் பள்ளமாக்கிவிட்டுக் கீழே விழுந்தது.

(இந்த இடத்தில் அவரைக் கத்த விட்டிருந்தேன். இரண்டு கெட்ட வார்த்தைகள்கூடப் போட்டிருந்தேன். தங்கை அந்த வரிகளை அடித்துவிட்டாள். அவர் லேத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.)

"ஏம்மா, காலேஜ்ல லேத் ஓட்டினதே இல்லையா?"

"படம் வரைஞ்சிருக்கேன் சார்."

"படமா?"

"எல்லாப் பாகத்துக்கும் பேர் போட்டு வரைவேன் சார். சக் கீ படத்துல வராது. அது மெஷினோட பாகம் இல்லன்னு..."



"என் தம்பியும் படிச்சவன்தான். இங்க சேர்த்தப்போ சர்டிபிகேட்டப் பார்த்தேன், கையப் பார்க்கல. இதே சக் கீதான். இப்ப அவனுக்கு ஒரு கண்ணு கிடையாது" என்றார் முதலாளி. பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கயாவது பழகிட்டு திங்கக்கிழமை வா. ஒரே ஒரு கம்பிய ஒழுங்காக் கடைஞ்சு காட்டு, வேலை உனக்கு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன். வேலை நின்னு கிடக்குது."

3.

போச்சு. வில்லன் கையை விட்டுப் போய்விட்டான். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

படிப்பைவிடக் கைவேலைதான் முக்கியம், முதலாளிகள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கைவேலையை எங்கே போய்க் கற்பது? கல்லூரி எதற்கு இருக்கிறது?

தங்கையின் கல்லூரியில் லேத் இருக்கிறது. அவள் சேர்ந்த வருடம் வந்த புத்தம் புது இயந்திரம். நீல உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வரும் நாளில் உறையைக் கழற்றிக் காட்டுவார்கள். குழு கிளம்பியதும் துடைத்து மறுபடியும் போர்த்திவிடுவார்கள். பிள்ளைகள் அந்த உறையின் பக்கத்தில் நின்றுகொண்டு, சுவரில் தொங்கும் விளக்கப்படத்தைப் பார்த்து லேத் வரைவார்கள். நாசமாய்ப் போக. [இந்த வார்த்தையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.]

4.

நேற்று நாங்கள் இருவரும் துறைத்தலைவரைப் பார்க்கப் போனோம். அவரே லேபைத் திறந்து காட்டினார்.

"வாம்மா. உன் படத்தத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், பாரு."

உறை போட்ட லேத்துக்கு நேர் மேலே, சுவரில், தங்கை வரைந்த லேத்.

"ரெண்டு நாள் இதுல பழகிக்கிறேன் சார்."

"அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது? நீதான் ஃபர்ஸ்ட் மார்க்காச்சே, உனக்கெதுக்கு?"

நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "சார், இவ சக் கீயக் கழட்டாம ஓட்டிட்டா. ஒரு ஆளோட உசிரு போயிருக்கும்."

"அதெல்லாம் வேலைக்குப் போற இடத்துல சொல்லித் தருவாங்கம்மா."

முடிவு ஒன்று: அவர் மனம் மாறி உறையை விலக்குகிறார். [பொய்.]

முடிவு இரண்டு: நான் உறையைக் கிழித்து அவர் முகத்தில்... [ஆசைதான். செய்யவில்லை.]

தங்கைதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றிச் சட்டத்தின் பின்பலகையை எடுத்தாள். சிவப்புப் பேனாவால் சக்கின் மேல் சக் கீயை வரைந்து, கோடு இழுத்து, மற்ற பாகங்களுக்குப் பேர் போட்ட அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்: "இதை முதலில் கழற்று."

"ஏய், படத்தக் கெடுக்காத."

"இப்பதான் சார் முழுசா இருக்கு" என்று சொல்லி அதைத் திரும்ப மாட்டினாள். அவர் லேபைப் பூட்டிச் சாவியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டார்.

5.

இன்று ஞாயிறு, காலை. நாளை பட்டறையில் அவள் கம்பியைக் கடைவாளா, வேலை கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, கற்பனை செய்யவும் மாட்டேன். ஒரு நல்ல முடிவை எழுதிக் கொடுத்தால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுப் போவீர்கள்.

தங்கை இப்போது சமையலறையில் இருக்கிறாள். கையில் ஒரு ஸ்பேனர். குழாயில் மாட்டி முறுக்குகிறாள், கழற்றுகிறாள், மேடையில் வைக்கிறாள். அதற்குப் பிறகுதான் சுவரில் இருக்கிற விளக்கு சுவிட்சைப் போடுகிறாள். அணைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறாள்.

வாசிக்கிற உங்கள் மேசை இழுப்பறையில் அப்படி ஒரு லேபின் சாவி இருந்தால், இந்தக் கதையின் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. எழுந்து போய்த் திறங்கள். இன்றைய பகல் முழுதும் இன்னும் மிச்சம் இருக்கிறது.