டிக்கெட் அறையில் பிரசவம்

மலைப் பூங்காவின் வனக்காவலருக்கும் அவருடைய மைத்துனருக்கும் வீட்டில் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வேலையில்தான் எலியும் பூனையும். மைத்துனர் சுற்றுலா அதிகாரி. எத்தனை பேர் வந்தாலும் அவருக்குப் போதாது. காவலருக்கோ ஒருவர் வந்தாலே கூட்டம். வாசலில் டிக்கெட் கொடுப்பவள் காவலரின் மனைவி, அதாவது மைத்துனரின் தங்கை. மலை எவ்வளவு உயரம் என்று வருகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிறைசினை மலையாடு ஒன்று டிக்கெட் அறைக்குள் நுழைந்து, இருந்த ஒரே வாசலை அடைத்துப் படுத்துக் குட்டி போட்டுவிட்டது. உள்ளே இருந்த மனைவி காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

ஈன்ற விலங்கின் பக்கத்தில் எவரும் போகக் கூடாது என்று விதி போட வைத்தவரே காவலர்தான். தூரத்தில் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். பிறகு தானும் கூட்டத்தோடு நின்றுகொண்டார்.

"மாப்ள, உள்ள இருக்கிறது என் தங்கச்சி," என்றார் மைத்துனர்.

"என் பொண்டாட்டியும்தான் மச்சான். அதுக்காக விதிய மாத்த முடியுமா?"

மனைவி போனில் கூப்பிட்டாள். ஆட்டுக்குச் சட்டம் போட்டீர்களே, எனக்கு என்ன சட்டம் என்று கேட்டாள். காவலர் யோசித்துப் பார்த்தார். விதியில் பார்வையாளர் உண்டு, விலங்கு உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட மனைவி இல்லை. கொஞ்சம் அசையாமல் இரு என்று கெஞ்சினார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே செய்றேன்," என்று அவள் வைத்துவிட்டாள்.

டிக்கெட் இல்லாமல் மலையேற முடியாது. வந்தவர்கள் கயிற்றோரம் உட்கார்ந்து அறையின் கண்ணாடிச் சுவர் வழியே தாயையும் பிள்ளையையும் பார்த்தார்கள். குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அது நாலு காலில் நின்றபோது, கத்தாமல் ஒரு படி ஏறியறியாத கல்லூரிக் கும்பல்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இவ்வளவு கூட்டத்தைக் கண்ட மைத்துனருக்கு வாயெல்லாம் பல். மேலே மலையில் ஓர் ஆள்கூட இல்லை என்ற மகிழ்ச்சியில் காவலருக்கும் வாய் மூடவில்லை.

சாயங்காலம் ஆடு குட்டியோடு தன் பாட்டுக்குப் போயிற்று. மனைவி வெளியே வந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ளக் காவலர் தயாராக நின்றார்.

"நல்ல ஆடுங்க. மலை எவ்வளவு உயரம்னு ஒரு வார்த்தை கேக்கல," என்றாள்.

மறு ஞாயிறு வந்தவர்களுக்கு மலை வேண்டாமாம், டிக்கெட் அறையைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆடு போய்விட்டது என்று அவள் சொல்லியும் நகரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மைத்துனர் அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள். அதையும் படம் பிடித்தார்கள்.

காவலர் ஆளரவமற்ற பாதையில் ஏறி உச்சிப் பாறையில் மல்லாந்து படுத்தார். படுத்ததும் தூங்கிப்போனார். அவருடைய குறட்டை பொறுக்காமல் இரண்டு கழுகுகள் அடுத்த பாறைக்கு மாறி உட்கார்ந்தன.