உப்புக் குறைந்த தண்ணீர்

1

இந்தக் கதை என் மூக்கிலிருந்து வந்தது. அருவருப்பாக இருந்தால் இப்போதே மூடிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். சளி அடைத்து மண்டை கனத்த ஒரு காலையில், கொதிக்கவைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஒரு துவாரத்தில் ஊற்றி மறு துவாரம் வழியாக விட்டுக்கொண்டு வாஷ்பேசின் மீது குனிந்திருந்தேன். அந்தக் கோலத்தில் மனிதன் அழலாம், அல்லது கதை யோசிக்கலாம். (அழுதால் யாருக்கும் தெரியாது. நான் கதைதான் யோசித்தேன் என்று நம்புங்கள்.)

2

தொடக்கம்: "அன்று வானமும் அவள் மூக்கைப் போலவே அடைத்துக்கொண்டு"

சீ, வேண்டாம்.

அவள் சோப்பு ஆலையில் வாசனை பார்ப்பவள். அச்சிலிருந்து வரும் சோப்பை முகர்ந்து, 'போகலாம்', 'நிக்கட்டும்' என்று சொல்வது வேலை. ஆலையில் எல்லாருக்கும் அவள் 'மோப்பம்'. மழை தொடங்கியதிலிருந்து மூக்கு அடைப்பு. எலுமிச்சை சோப்பும் மரத்தூளும் ஒன்றுபோல் இருந்தன.

"திங்கக்கிழமை ஒரு சோதனை வைக்கிறேன். தேறலேன்னா பேக்கிங் பக்கம் போயிடும்மா," என்றுவிட்டார் மேலாளர்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

இனி கணவர். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நெஞ்சுவலி வந்தபின் வீட்டோடு. சமையல் அவருடையது. இனி சிகரெட்டைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். அவர் நிறுத்தியது மருத்துவருக்குப் பயந்து அல்ல, மனைவியின் மூக்குக்குப் பயந்து.

இவரை முதலில் தங்கமான மனிதராக எழுதினேன். தினமும் காலையில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆற்றி, உப்புக் கலந்து, தோளில் துண்டோடு பக்கத்திலேயே நிற்பார்.

"ஏங்க, எரியுதுங்க! மொளகா அரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு."

"உப்புன்னா எரியத்தான் செய்யும். நாளைக்கு இன்னும் கொறைச்சுப் போடுறேன்."

குறைத்தார். இன்னும் எரிந்தது. இன்னும் குறைத்தார். பாவம், சமையலில் கைவைத்த நாள் முதலாக, "கடலையே கொட்டிட்டீங்களா?" என்று அவள் கேட்டுக் கேட்டு, உப்பு டப்பாவைத் திறந்தாலே அவர் விரல்கள் சுருங்கிக்கொள்ளும்.

[இந்த இடத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அவசரப்பட்டுவிட்டேன்.]

4

ஆலை மருந்தறை நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"அக்கா, உப்பு பத்தாத தண்ணிதான் எரியும். உங்க கண்ணீர் உங்க கண்ணை எரிக்குதா? அதுல உப்பு இருக்குல்ல?"

அளவும் சொல்லி அனுப்பினாள். ஞாயிறு மாலை வீட்டில், கணவரை விடாமல் அவளே கலந்தாள். எரியவில்லை. ஒரு பக்கம் ஊற்றியது மறுபக்கம் வழிந்தது. மண்டைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்தது போல

(ஜன்னல் உவமை மலிவு. ஆனாலும் திறந்தது.)

முதலில் வந்தது சோப்பு வாசனை அல்ல. சிகரெட். பக்கத்தில், அவர் தோளில் கிடந்த துண்டிலிருந்து.

5

இங்கேதான் என் பேனா நின்றது. அவள் மூக்கு அடைத்த நாளிலிருந்தே இவர் பிடிக்கிறாரா? உப்பைக் குறைத்தது பயத்திலா, அந்த மூக்கு திறக்கக் கூடாது என்றா? அவரிடமே கேட்டேன்.

"நீங்கதானே எழுதுறீங்க, நீங்களே சொல்லுங்க," என்றார். கெட்டிக்காரர்.

ஒரு முடிவு: அவள் கத்துகிறாள், அவர் சத்தியம் செய்கிறார், திங்களன்று அவள் தேறுகிறாள். சுபம். மறுநாள் காலை வாஷ்பேசின் பக்கத்தில் யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவளுக்காகப் பக்கத்தில் வந்து நின்றதே இந்த அடைப்பினால்தான் என்பதை அப்போதுதான்

இன்னொரு முடிவு: ஆலையில் தேறிவிட்டு, வீட்டில் 'இன்னும் அடைப்புதாங்க' என்கிறாள். தினமும் தண்ணீர் வரும், துண்டு வரும், புகையும் வரும். ஒருநாள் அவர் மட்டும் வரமாட்டார்.

இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன். எந்தப் பக்கம் எழுதினாலும் அவளிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறேன். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

அவள் இன்னும் குனிந்தபடியே இருக்கிறாள். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் துண்டை நீட்டுகிறார்.

"தெறந்துச்சா?"

எனக்கு அடைப்பு திரும்ப வந்துவிட்டது, தண்ணீர் கொதிக்கவைக்கப் போகிறேன். அந்தத் துண்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவளிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.