பத்துச் சதத்துப் பிளேன்டீ

2003-இல் கண்டியில் நடந்த ஆசிரியர் மாநாட்டுக்கு என்னை அனுப்பினார்கள். கூடலூரில் எத்தனையோ டீச்சர்கள் இருக்க, எனக்கு அடித்தது அந்த யோகம். என்னைவிட அதிகம் குதித்தவர் என் வீட்டுக்காரர் ஒச்சப்பன். அவர் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி பத்தொன்பது வயதில் கப்பலேறி, கடைசியில் கூடலூர் பக்கத்து ஓவேலிக்கு வந்து சேர்ந்து, இங்கே தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டரானார். கூடப் பிறந்த ஒரே அக்கா மூக்கம்மா அங்கேயே தங்கிவிட்டார். முப்பது வருடமாக இருவரும் முகம் பார்க்கவில்லை.

தங்க இடமும் காலைச் சாப்பாடும் மாநாட்டுக்காரர்கள் பொறுப்பு. மற்றதற்கெல்லாம் பேட்டா, அந்த ஊர்க் காசில் இரண்டாயிரம் ரூபாய். கேட்டதும் மனுஷன் வாயைப் பிளந்தார்.

"ரெண்டாயிரமா! எங்க தோட்டத்துக் கிளாக்கர்கூட அவ்வளவு சல்லியக் கண்ணால பார்த்ததில்ல, டீச்சர்."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு டீச்சர்தான். அன்று மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எனக்குச் செலவுக் கணக்குப் போட்டுத் தந்தார். "பிளேன்டீ பத்துச் சதம், நூறு சதம் ஒரு ரூவா. பணிஸ், நம்ம ஊரு பன்னுதான், பதினஞ்சு சதம். சம்பள நாள்ல அட்டன் பஜார்ல அக்கா எனக்கு ரெண்டு பணிஸ் வாங்கித் தருவா. அவ ஒண்ணுகூடத் தின்ன மாட்டா. சோறும் கறியும் ஒன்றரை ரூவா."

"ஏனுங்க, இப்ப வெலவாசி ஏறியிருக்காதுங்களா?"

"சரி, பத்து மடங்காப் போட்டுக்க. அப்பவும் ஐநூறு தாராளம். மீதி ஆயிரத்தைநூறையும் அக்கா கையில குடுத்துடு."

அவர் பிறந்த நாடு, அவருக்குத் தெரியாதா என்று தலையாட்டினேன். அவரோ அடுத்த தபாலிலேயே, என் பெண்டாட்டி ஆயிரத்தைநூறு ரூபாயோடு வருகிறாள் என்று அக்காவுக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

கண்டியில் முதல் மத்தியானம் சாப்பிட்டதற்கு பில் இருநூறு ரூபாய். என் ஐநூறில் மிஞ்சியது முந்நூறு. அக்கா இருக்கும் அட்டன் போய்வர பஸ் சார்ஜ் ஒதுக்கினால், மிச்சத்துக்குப் பணிஸ் தவிர வேறு வழியில்லை. அக்காவின் பணத்தில் கை வைத்திருக்கலாம். ஆனால் கடிதம் போய்விட்டதே! முதல் தடவை பார்க்கப் போகிறேன், சொன்னதில் குறைத்துக் கொடுத்தால் என் மானம் என்னாவது? காலை இட்லியை, பரிமாறுகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அமுக்கினேன். மத்தியானம் யாராவது கூப்பிட்டால் விரதம். ராத்திரி கூப்பிட்டாலும் விரதம். படுக்கும்போது மட்டும் என் வீட்டுக்காரருக்கு வாய்விட்டு அர்ச்சனை. ஊருக்குப் போனதும் வட்டியும் முதலுமாகக் கொடுக்கவேண்டியதைத் தினமும் சேர்த்து வைத்தேன்.

மாநாடு முடிந்த மறுநாள் அட்டன் போய், தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், விசாரித்தேன். மூக்கம்மா அண்ணி ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். கூச்சமில்லாமல் தின்றுகொண்டே இருந்தேன்.

"நல்லாச் சாப்பிடுறியே தாயி, தம்பியும் இப்பிடித்தான்" என்று சந்தோஷப்பட்டார்.

பணத்தைக் கொடுத்தேன். எண்ணாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தார். இளநீலம், நல்ல துணி. "கடுதாசி வந்த அன்னைக்கே பஜாருக்குப் போய் எடுத்தேன். அவனுக்குச் சரியா இருக்குமா?"

விரித்துப் பிடித்தார். பத்தொன்பது வயதுப் பையன் போடுகிற சட்டை. என் வீட்டுக்காரரின் ஒரு தோளுக்குக்கூடக் காணாது.

"அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குமுங்க அண்ணி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஓவேலிக்கு வந்து சேர்ந்ததும், சேர்த்து வைத்த திட்டுகளுக்கு முன்னால் அந்தச் சட்டையைத்தான் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிய வேகத்தில் போட்டுப் பார்த்தார். கை முழங்கைக்கு மேலே நின்றது. பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு ஜாண் தொப்பை. சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். கண்ணாடி முன்னால் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு இப்பிடித் தொப்பை போட்டிருச்சுன்னு அவகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத" என்றார்.

திட்டு ஒன்றுகூட வெளியே வரவில்லை. மறுநாள் காலை, பொத்தான் போடாமலே அந்தச் சட்டையை மாட்டி, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினார்.