மூன்றாவது கேள்வி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கணப்புப் பக்கம் இடம் இருக்கிறது. அந்த நாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்காருங்கள், அது கடிக்காது. மூன்று தடவை கட்டிக் கொடுக்கப்பட்டு நாலாவது தடவை தப்பித்த ஒரு சீமாட்டியின் கதையைச் சொல்கிறேன். நடுவில் ஒரு குழந்தைக்கு உடம்புக்கு வரும். அது பிழைத்துக்கொள்ளும். முன்னாலேயே சொல்லிவிட்டேன், யாரும் மனதைப் போட்டு உருட்டிக்கொள்ள வேண்டாம்.

அவள் பெயர் மபிலியா. நம் கஸ்கோனிச் சீமையில், மலையிலிருந்து ஆறு இறங்குகிற பக்கத்தில் பிறந்தவள். ஒரு கஷ்கொட்டைக் காட்டுக்காக இரண்டு வீடுகள் மூன்று தலைமுறையாக வெட்டிக்கொண்டிருந்தன. சண்டையை முடிக்கக் காட்டோடு சேர்த்து அவளையும் கொடுத்தார்கள். அவளுக்குப் பதினொன்று, மாப்பிள்ளைக்குப் பதிமூன்று. கல்யாண விருந்தில் இருவரும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கஷ்கொட்டை எறிந்து விளையாடினார்கள். அவன் பத்தொன்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான்.

அடுத்து உப்பு வண்டிகள் போகிற சாலைக்காக ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார் அந்தச் சீமையை ஆண்ட கோமகன். நல்ல மனிதர். அவர் குறட்டைக்குக் கூரைப் புறாக்களே வேறு வீடு பார்த்துக்கொண்டன. அவரும் போனபின், கோமகனின் குதிரைப்படைத் தலைவன். ஐந்து வருட வாழ்க்கையில் அவனை அவள் கண்ணால் பார்த்தது நாற்பத்தொரு நாள். ஒரு முற்றுகையில் காய்ச்சல் கண்டு இறந்தான்.

ஒவ்வொரு முறையும் அவள் துணிமணி வைத்த அதே வால்நட் மரப் பெட்டி வண்டியில் ஏறும். ஒவ்வொரு முறையும் கோவில் வாசலில் நிறுத்தி, சாமியார் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். உங்களுக்குள் இரத்த உறவு உண்டா? கல்யாண உறவு உண்டா? ஞானஸ்நானத் தொட்டியால் வந்த உறவு உண்டா? இல்லை, இல்லை, இல்லை என்பாள். பிறகு வேறு யாரோ போட்ட கட்டிலில், வேறு யாரோ காட்டிய பக்கத்தில் படுத்துக்கொள்வாள். சாவி மாமியார் இடுப்பில் இருக்கும்.

மூன்றாமவன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போயிருந்தான். ஆற்றுப் பாலத்தையும் அதன் தலையில் நிற்கும் கல்கோபுரத்தையும் அவள் உயிரோடிருக்கும்வரை அவளுக்கென்று எழுதி வைத்திருந்தான். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தன் கட்டிலைத் தானே இழுத்துக் கிழக்கு ஜன்னலுக்கு அடியில் போட்டாள் மபிலியா. சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டாள். பசித்தபோது சாப்பிட்டாள். ஏழு மாதம் அப்படி இருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கோமகனின் தூதன் ஓடோன் வந்து சேர்ந்தான். சண்டையில் சூரன், அவசரக்காரன்.

"அம்மணி, நல்ல சேதி! ஞாயித்துக்கெழம உங்களுக்குக் கல்யாணம்."

"மாப்பிள்ளை யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"மேற்கே கணவாய்க் கோட்டை அமானியூ பிரபு."

"அவர் பொண்டாட்டி உசிரோட இருக்காங்களே?"

"போன வாரம் வரைக்கும் இருந்தாங்க. பிரசவத்துல போயிட்டாங்க. பிள்ளை மட்டும் இருக்கு."

மபிலியாவின் தோழி ரிசெந்தா, இருபத்தேழு வருடமாக அந்தப் பெட்டியைக் கட்டியும் அவிழ்த்தும் கை காய்த்துப் போனவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏய்யா, பொணத்துக்கு ஏத்தின மெழுகுவத்தியாவது அணைஞ்சுதா?"

"ஒரு பொம்பள கையில பாலம் இருக்குன்னு கோமகனுக்குத் தூக்கமே வரல."

"பாலம் நல்லாத்தான் தூங்குது" என்றாள் மபிலியா. "நான் மாட்டேன்னா?"

"பாலத்த எடுத்துக்குவார். கோபுரத்தையும்" என்றான் ஓடோன். சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்துகொண்டான், பாவம்.

மறுநாள் காலையில் ரிசெந்தா பெட்டியைக் கட்டினாள். நாலாவது முறை. மபிலியா கட்டிலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். சாவியை மட்டும் கழற்றவில்லை.

கணவாய்க் கோட்டைக்குள் நுழைந்தபோது அவர்களை வரவேற்க ஆளில்லை. முற்றத்தில் அமானியூ நின்றிருந்தார். மலை மாதிரி மனிதர், பல நாள் தாடி, பல நாள் சட்டை. பேறுகாலத்தில் இறந்துபோன பெண்டாட்டியின் சால்வை தோளில் கிடந்தது. அது அங்கே கிடப்பதே அவருக்குத் தெரியவில்லை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கோட்டைச் சாமியார் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒம்போது நாளா தொண்டை கிழியச் சொல்றேன், பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணும், தண்ணி ஊத்தணும்னு! கோமகன் தங்கச்சி வந்து ஞானத்தாயா தூக்கினாத்தான் பெருமைன்னு யாரு சொன்னது?"

மபிலியாவிடம் வருமுன் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனது ஓடோன்தான். அந்தச் சீமாட்டி வெள்ளத்துக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொண்டிருந்தாள். பனி உருகி, பாலமில்லாத வேறொரு காட்டாறு பெருகி, துறையே முங்கிப்போயிருந்தது. இந்தக் கரையில் குழந்தை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போனால் அதன் ஆத்துமா எங்கே போகும் என்ற பயத்தில் கோட்டையே நடுங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கோவிலுக்கு ஓடினார்கள். சாமியார் சடங்குப்படி குழந்தையின் நாக்கில் உப்பு வைத்தார். அது உதட்டைக்கூட அசைக்கவில்லை.

"ஞானத்தாய் யாரு? தொட்டியிலேர்ந்து யாரு தூக்கறது? சீக்கிரம்!"

பால் கொடுக்கிற செவிலி கை நீட்டினாள். ஓடோன் பாய்ந்து தடுத்தான்.

"ஏ, ஏ! பிரபு வீட்டுப் பொண்ண வேலைக்காரி தூக்கறதா? நாளைக்குக் கோமகன் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?" சுற்றிலும் பார்த்தான். கண் மபிலியாமேல் நின்றது. "இதோ இருக்காங்களே! ஞாயித்துக்கெழம இந்தப் பிள்ளைக்கு அம்மா ஆகப்போறவங்கதானே? அம்மணி, நீங்களே வாங்குங்க!"

மபிலியாவின் கை முதலில் நீண்டது குழந்தைக்காகத்தான். அதை நான் சத்தியமாகச் சொல்வேன். கை நீண்ட பிறகுதான், மூன்று கோவில் வாசல்களில் கேட்ட அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. தொட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கியவள் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய். பிள்ளையின் தகப்பனுக்கு உடன்பிறந்தவள் மாதிரி. அவர்களுக்குள் கல்யாணம் எந்தக் காலத்திலும் இல்லை.

அவள் அமானியூவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தம் செருப்பு வாரைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான்தான் வாங்கணும்னு சொல்றீங்களா, ஓடோன் ஐயா?"

"ஆமாங்கறேன்!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?"

சாமியார் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். குழந்தையின் உதடு நீலம் பாரிக்கிறதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிதாவின் பெயரால் ஒரு முறை, சுதனின் பெயரால் ஒரு முறை, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு முறை முக்கி எடுத்தார். மபிலியா வெள்ளைத் துணியில் வாங்கி மார்போடு அணைத்தாள்.

மலைத்தண்ணீர் சில்லென்று பட்டதும் குழந்தை வீரிட்டது பாருங்கள்! வாசலில் கட்டியிருந்த கழுதை பதிலுக்குக் கத்திற்று. அழுத வாயைச் செவிலி மாரோடு சேர்த்தாள். முதலில் நழுவிற்று, அப்புறம் பிடித்துக்கொண்டது. அது விழுங்குகிற சத்தம் கேட்கிறவரை கோவிலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அமானியூ அந்தச் சால்வையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஞானத்தாயின் பெயரையே வைப்பது வழக்கம் என்பதால் குழந்தைக்கும் மபிலியா என்றே பெயர்.

பிறகு எல்லோருக்கும் பசித்தது. அவரைக்காய்க் கஞ்சி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, கம்பு ரொட்டி. ஓடோன் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தான்.

"சாமி, ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"என்னது?"

"இவங்க கல்யாணம்."

சாமியார் ரொட்டியை நிதானமாகப் பிய்த்தார். "வாசல்ல நான் மூணாவது கேள்வி கேப்பேனே. இவங்க என்ன பதில் சொல்லுவாங்க?"

ஓடோனின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. காது முதலில் சிவந்தது. "அய்யோ. அதுக்கு... அப்ப நான்..."

"நீங்களேதான்" என்றாள் ரிசெந்தா. "கோவில் கூரை அதிரச் சொன்னீங்க. நல்ல குரல் உங்களுக்கு."

"ரோமாபுரிக்கு எழுதி விலக்கு வாங்கலாம்!"

"எழுதுங்க" என்றார் சாமியார். "யாரு தூக்கச் சொன்னதுன்னு அங்க முதல்ல கேப்பாங்க."

ஓடோன் கரண்டியை வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்து மபிலியாவுக்கே இரக்கம் வந்தது. ஆனால் பயமும் இருந்தது. கோமகன் கோபித்தால் கோபுரம் போய்விடும்.

"ஐயா, கோமகனுக்கு என்ன வேணும்? பாலமும் கணவாயும் ஒரு கட்டா இருக்கணும், அவ்வளவுதானே? என்னை மூணு தடவை கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை செத்தா உறவும் சேர்ந்து செத்துது. இந்த உறவு சாகாது. என் பேரு வச்ச பொண்ணு இந்தக் கோட்டையில இருக்கா. இவங்களுக்கு ஆகாதவன் எவனும் என் பாலத்தைத் தாண்ட மாட்டான். சாமி முன்னால சொல்றேன்."

"நானும் சொல்றேன்" என்றார் அமானியூ. அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

ஓடோன் மறுபடி கரண்டியை எடுத்தான். "அம்மணி, இது... என் யோசனைன்னு கோமகன்கிட்ட சொல்லிக்கலாமா?"

"தாராளமா."

அவன் சொன்னான். கோமகன் அவனுக்கு ஒரு குதிரை பரிசு கொடுத்தார் என்று கேள்வி.

மறுநாள் காலை மபிலியா வண்டி ஏறும்போது அமானியூ வாசல்வரை வந்தார். தாடியை மழித்திருந்தார்.

"அந்த மூணாவது கேள்வி," என்றார், "என்கிட்டயும் ஒருதடவை கேட்டிருக்காங்க, அம்மணி. மறக்கல." சால்வையின் ஓரத்தை விரலில் சுற்றினார். "அவ போய் பத்து நாள்தான் ஆச்சு. எனக்கு இன்னொருத்தர் வேணாம்."

"உங்க செருப்பு வார் நல்லா இருந்துச்சா?" என்றாள் மபிலியா.

மனிதர் சிரித்துவிட்டார். பெண்டாட்டி போன பிறகு அதுதான் முதல் சிரிப்பாம்.

கோபுரத்துக்கு வந்ததும் ரிசெந்தா பெட்டியை அவிழ்த்துத் துணிகளையெல்லாம் வெளியே எடுத்தாள். "இனிமே இத என்ன செய்யறது?"

"கஷ்கொட்டை கொட்டி வை. சின்னவ நடக்க ஆரம்பிச்சா இங்கதான் வருவா" என்றாள் மபிலியா. சாவியோடு போய்க் கிழக்கு ஜன்னலுக்கு அடியில் பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் எழுப்பவில்லை.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். உங்கள் கட்டில் நீங்கள் இழுத்துப் போட்ட இடத்திலேயே கிடக்கட்டும். உங்கள் தொட்டிலில் உள்ளது பசித்து அழுது, வயிறு நிறையக் குடித்துத் தூங்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உறவாகவே வரட்டும்.